கடலின் கணக்கைத் திருத்தியவர்

பூமிப் பரப்பில் பத்தில் ஏழு பங்கைப் போர்த்திருக்கும் கடல், மனிதன் கொட்டுவதை எல்லாம் ஏற்றுக்கொள்ளும் என்பது நெடுங்கால நம்பிக்கை. அந்த நம்பிக்கை சாதாரண மக்களிடம் மட்டுமன்றி, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை அறிவியலாளர்களிடமும் வேரூன்றியிருந்தது. சுவீடன் நாட்டு அறிஞர் அர்ரீனியஸ் 1896-ஆம் ஆண்டிலேயே, காற்றில் உள்ள கரியமில வாயு இரட்டிப்பானால் பூமியின் வெப்பம் சில டிகிரி உயரும் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1938-இல் காலண்டர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர், அந்த உயர்வு ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று வாதிட்டார். இருவருடைய எச்சரிக்கையையும் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. அதற்கு அவர்கள் சொன்ன முதன்மையான காரணம் கடல்தான்.

காற்று மண்டலத்தில் உள்ள கரிமத்தைப்போல் ஏறத்தாழ ஐம்பது மடங்கு கரிமம் கடலில் கரைந்து கிடக்கிறது. எனவே, நிலக்கரியும் எண்ணெயும் எரிவதால் வெளிப்படும் வாயுவில் ஐம்பதில் ஒரு பங்கு மட்டுமே காற்றில் தங்கும். எஞ்சியது கடலுக்குள் சென்றுவிடும் என்று கருதினார்கள். கணக்கு எளிமையானது, பார்வைக்குப் பிழையற்றது. அந்தக் கணக்கில் ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடித்தவர் ரோஜர் ரெவெல். கடலியலிலும் பருவநிலை ஆய்வின் வரலாற்றிலும் அழியாத இடம்பெற்ற பெயர். இந்தியக் கல்வி வரலாற்றிலும் அவருக்கு ஓர் இடம் உண்டு என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

ரெவெல் 1909-ஆம் ஆண்டு மார்ச் 7-ஆம் நாள் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பிறந்தார். வளர்ந்தது கலிபோர்னியாவின் பாசடினாவில். பொமோனா கல்லூரியில் சேர்ந்தபோது இதழியலில் நாட்டம் கொண்டிருந்த இளைஞர், அங்கே நிலவியலின்பால் ஈர்க்கப்பட்டு, 1929-இல் அத்துறையில் பட்டம் பெற்றார். 1931-இல் எல்லன் கிளார்க்கை மணந்தார். லா ஹோயா கடற்கரையில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலியல் நிறுவனத்துக்குப் பெயரும் பொருளும் வழங்கிய குடும்பத்தின் வழியில் வந்தவர் எல்லன். அதே ஆண்டில் ரெவெல் அந்த நிறுவனத்தில் ஆய்வு மாணவராகச் சேர்ந்தார்.

அவருக்குக் கிடைத்த ஆய்வுப் பொருள் கவர்ச்சியானதன்று. பசிபிக் பெருங்கடலில் பயணம் செய்த ‘கார்னகி’ என்னும் ஆய்வுக் கப்பல் 1929-இல் சமோவாத் துறைமுகத்தில் வெடித்து அழிந்தது. அதற்கு முன் அந்தக் கப்பல் ஆழ்கடல் தரையிலிருந்து எடுத்திருந்த சேற்று மாதிரிகளை ஆராய்வதே அவர் பணி. ஆழ்கடல் சேற்றில் சுண்ணாம்புப் பொருள் சில இடங்களில் மிகுந்தும் சில இடங்களில் அறவே இல்லாமலும் இருக்கும். அது ஏன் என்று அறிய முயன்றால், கடல்நீரில் கரியமில வாயு எப்படிக் கரைகிறது, கரைந்த பின் என்னவாகிறது என்ற வினாக்களுக்குள் நுழைந்தே ஆக வேண்டும். 1934-இல் சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து, கடல்நீர் தன் அமில, கார நிலையைக் காத்துக்கொள்ளும் தாங்கல் இயக்கத்தைப் பற்றி எழுதினார். 1936-இல் முனைவர் பட்டம் பெற்றார். இருபது ஆண்டுகள் கழித்து உலகின் கவனத்தைத் திருப்பப்போகும் விதை இந்தச் சேற்று ஆய்வில்தான் விழுந்தது.

இரண்டாம் உலகப் போர் அவரைக் கடற்படைக்கு இழுத்துச் சென்றது. போர் முடிந்ததும், அடிப்படை ஆய்வுக்குக் கடற்படையின் நிதியைத் திருப்பிவிட்ட கடற்படை ஆய்வு அலுவலகத்தை உருவாக்கியவர்களில் ஒருவரானார். 1946-இல் பிகினித் தீவில் நடந்த அணுகுண்டுச் சோதனையின்போது கடலியல் ஆய்வுகளுக்குத் தலைமை தாங்கினார். 1951 முதல் 1964 வரை ஸ்கிரிப்ஸ் நிறுவனத்தின் இயக்குநர். அக்காலத்தில் அந்நிறுவனத்தின் கப்பல்கள் பசிபிக்கின் மூலைமுடுக்கெல்லாம் சென்றன. ஆய்வுக்குப் பணம் எங்கே இருக்கிறது, அதை எப்படிப் பெறுவது, யாரிடம் கொடுத்தால் பயன் விளையும் என்பதை அறிந்திருந்த நிர்வாகி அவர். இந்தத் திறமையைச் சிறிதாக எண்ணுவதற்கில்லை. நல்ல ஆய்வாளர்கள் பலர் இருக்கலாம். பிறருடைய ஆய்வு நடப்பதற்கு வழி செய்பவர்கள் சிலரே.

1955-இல் அவர் ஹான்ஸ் சூயஸ் என்னும் வேதியியலாளரை ஸ்கிரிப்சுக்கு அழைத்து வந்தார். ஆஸ்திரியாவில் பிறந்த சூயஸ், மர வளையங்களில் உள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்தவர். நிலக்கரி பல கோடி ஆண்டுகள் பழைமையானது. அதில் கதிரியக்கக் கரிமம் மிச்சமிருக்காது. ஆகவே, நிலக்கரிப் புகை காற்றில் கலக்கும்போது, காற்றில் உள்ள கதிரியக்கக் கரிமத்தின் விகிதம் குறையும். அந்தக் குறைவை மரங்களில் கண்டார் சூயஸ். ஆயினும் அது எதிர்பார்த்ததைவிடச் சிறியதாகவே இருந்தது. அந்த அளவீடுகளை வைத்து இருவரும் எழுதிய கட்டுரை, சுவீடனிலிருந்து வெளிவந்த ‘டெல்லஸ்’ இதழில் 1957-இல் அச்சானது.

காற்றில் உள்ள ஒரு கரியமில வாயு மூலக்கூறு சராசரியாகப் பத்து ஆண்டுகளுக்குள் கடலில் கரைந்துவிடுகிறது என்பது அக்கட்டுரையின் முதல் முடிவு. இதைப் பார்த்த எவரும், கடல் விரைவாக விழுங்குகிறது, கவலைக்கு இடமில்லை என்றே கருதுவர். தொழிற்புரட்சிக்குப் பின் வெளியான வாயுவில் பெரும்பகுதியைக் கடல் ஏற்றிருக்க வேண்டும் என்றுதான் கட்டுரையும் கூறியது. ஆனால், கட்டுரை முடியும் தறுவாயில் ரெவெல் தம் இளமைக்கால ஆய்வை நினைவுகூர்ந்து, கடல்நீரின் தாங்கல் இயக்கத்தைப் பற்றிய ஒரு பகுதியைச் சேர்த்தார். அந்தச் சில வரிகள் அதே கட்டுரையின் முந்தைய பகுதிகளோடு முழுமையாகப் பொருந்தவில்லை என்று அறிவியல் வரலாற்றாளர்கள் சுட்டிக்காட்டியுள்ளனர். எனினும் கட்டுரைக்கு நிலைத்த புகழைத் தந்தவை அந்த வரிகளே.

அந்த வேதியியலைச் சற்று விளக்கமாகப் பார்ப்பது நல்லது. ஆக்சிஜனோ நைட்ரஜனோ கடல்நீரில் கரைந்தால் அவை வாயுவாகவே கரைந்து கிடக்கும். கரியமில வாயு அப்படியன்று. அது நீருடன் வினைபுரிந்து கார்பானிக் அமிலமாகிறது. அந்த அமிலம் ஹைட்ரஜன் அயனியாகவும் பைகார்பனேட் அயனியாகவும் பிரிகிறது. வெளிவரும் ஹைட்ரஜன் அயனியைக் கடல்நீரில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட் அயனி பற்றிக்கொண்டு, தானும் பைகார்பனேட்டாகிறது. முடிவில், ஒரு மூலக்கூறு கரியமில வாயுவும் ஒரு கார்பனேட்டும் ஒரு மூலக்கூறு நீரும் சேர்ந்து இரண்டு பைகார்பனேட்டாக மாறுகின்றன. கடல்நீரில் கரைந்துள்ள கரிமத்தை நூறு பங்காகக் கொண்டால், ஏறத்தாழ தொண்ணூறு பங்கு பைகார்பனேட், ஒன்பது பங்கு கார்பனேட், வாயுவாகவே கரைந்திருப்பது ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு.

வாசலில் நின்று விருந்தினரை வரவேற்று உள்ளே அனுப்புபவரைப் போன்றது கார்பனேட். வந்தவர்களை அழைத்துக்கொண்டு அவரும் உள்ளே போய்விடுகிறார். வரவேற்பவர் ஒன்பது பேர்தான். ஒவ்வொருவராக உள்ளே செல்லச் செல்ல, வாசலில் நெரிசல் கூடுகிறது. நெரிசல் கூடினால் வந்தவர்கள் வெளியே திரும்பத் தொடங்குவார்கள். கடல்நீரில் வாயுவாகவே கரைந்திருக்கும் அந்த ஒரு பங்குதான் காற்றுடன் சமநிலையை முடிவு செய்கிறது. கடல்நீரில் உள்ள மொத்தக் கரிமம் 1 விழுக்காடு உயர்வதற்குள், அந்தக் கரைந்த வாயுவின் அழுத்தம் ஏறத்தாழ 10 விழுக்காடு உயர்ந்துவிடுகிறது. அதாவது, காற்றில் வாயு 10 விழுக்காடு கூடினாலும், மேற்பரப்புக் கடல்நீர் தன் கரிம இருப்பை 1 விழுக்காடு மட்டுமே கூட்டிக்கொள்ளும். இந்தப் பத்து என்னும் எண்ணைத்தான் இன்று கடலியலாளர்கள் ரெவெல் காரணி என்கின்றனர். வெப்பமான கடல்களில் அது எட்டு, ஒன்பது அளவிலும் துருவக் கடல்களில் பதின்மூன்றுக்கு மேலும் இருக்கும்.

இதனுடன் மற்றொரு தடையும் சேர்கிறது. கடலில் இருக்கும் ஐம்பது மடங்குக் கரிமத்தில் பெரும்பகுதி ஆழத்தில் கிடக்கிறது. காற்றோடு உடனுக்குடன் உறவாடுவது அலையும் காற்றும் கலக்கும் மேல் அடுக்கு மட்டுமே. அந்த அடுக்கில் உள்ள கரிமம் ஏறத்தாழ காற்றில் உள்ள அளவுதான். அதிலும் பத்தில் ஒரு பங்கு வீதத்தில்தான் கூடுதல் கரிமத்தை ஏற்க முடியும் என்றால், கடலின் உடனடிக் கொள்ளளவு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும். மேல்நீர் ஆழத்துக்குச் சென்று கலந்து திரும்புவதற்குப் பல நூறு ஆண்டுகள் ஆகும். கடல் இறுதியில் பெரும்பகுதியை ஏற்கும் என்பது உண்மையே. ஆனால், அந்த இறுதி வரை காத்திருக்க மனித சமுதாயத்துக்குக் காலம் இல்லை.

பொருளியல் பயிற்றுவித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. முதலாண்டு மாணவருக்கு நாங்கள் மீண்டும் மீண்டும் வலியுறுத்தும் வேறுபாடுகள் இரண்டு. ஒன்று, சராசரிக்கும் இறுதிநிலைக்கும் உள்ள வேறுபாடு. மற்றொன்று, மொத்தத்துக்கும் நிகரத்துக்கும் உள்ள வேறுபாடு. கடல் இதுவரை எவ்வளவு வைத்திருக்கிறது என்பது சராசரி பற்றிய வினா. இனி வரும் ஓர் அலகில் எவ்வளவு ஏற்கும் என்பது இறுதிநிலை பற்றிய வினா. முந்தையவர்கள் முதல் வினாவின் விடையை இரண்டாம் வினாவுக்கும் பொருத்தினார்கள். அதுபோலவே, மூலக்கூறுகள் பத்து ஆண்டுகளில் கடலுக்குள் போகின்றன என்பது மொத்தப் பரிமாற்றம். வங்கியில் நாள்தோறும் கோடிக்கணக்கில் பணம் செலுத்தப்படுகிறது என்பதால் வைப்புத்தொகை கோடிக்கணக்கில் வளர்கிறது என்று பொருளாகாது. எடுக்கப்படும் தொகையையும் கழிக்க வேண்டும். கடலுக்குள் போகும் வாயுவில் ஏறக்குறைய அதே அளவு வெளியே திரும்பிவருகிறது. ரெவெல் செய்த திருத்தம் வேதியியல் சார்ந்ததே என்றாலும், அதன் உள்ளே இருப்பது எல்லாத் துறையினரும் அறிந்துகொள்ள வேண்டிய கணக்குப் பாடம்.

அதே கட்டுரையில் ரெவெல் மற்றொரு கருத்தையும் பதிவு செய்தார். பல கோடி ஆண்டுகளாகப் பாறைகளில் சேமிக்கப்பட்ட கரிமத்தை ஒரு சில நூற்றாண்டுகளில் காற்றுக்கும் கடலுக்கும் திருப்பி அனுப்புவதன் மூலம், மனிதகுலம் தன்னையறியாமலே ஒரு மாபெரும் சோதனையை நடத்திக்கொண்டிருக்கிறது என்பது அதன் சாரம். இன்று அதை எச்சரிக்கையாகவே வாசிக்கிறோம். ஆனால், எழுதியபோது ரெவெலிடம் அச்சத்தைவிட ஆய்வாளனின் ஆர்வமே மேலோங்கியிருந்தது. எரிபொருள் பயன்பாடு எவ்வளவு விரைவாகப் பெருகும் என்பதை அன்று அவரும் முழுமையாக உணரவில்லை. அவருடைய கருத்தின் முழுப் பொருளை 1959-இல் பொலின், எரிக்சன் என்ற சுவீடன் அறிஞர்கள் தெளிவாக விரித்துரைத்த பின்னரே அறிவியல் உலகம் விழித்துக்கொண்டது.

கணக்கு சரியா என்பதை அறிய ஒரே வழி அளந்து பார்ப்பது. 1956-இல் ரெவெல், சார்லஸ் டேவிட் கீலிங் என்னும் இளம் வேதியியலாளரை ஸ்கிரிப்சுக்கு வரவழைத்தார். 1957-58 பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டுக்கு ஒதுக்கப்பட்ட நிதியில் ஒரு பகுதி இதற்குக் கிடைத்தது. ரெவெல் விரும்பியது, கப்பல்களிலும் விமானங்களிலும் உலகெங்கும் ஒருமுறை மாதிரி எடுத்துவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒப்பிடுவது. கீலிங்கோ ஓரிடத்தில் இடைவிடாது, மிகத் துல்லியமாக அளக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் 1958 மார்ச்சில் அளவீடு தொடங்கியது. முதல் அளவு, பத்து லட்சம் பங்கில் 313 பங்கு. சில ஆண்டுகளிலேயே, காற்றில் வாயு ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வருவது ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது. கடல் எல்லாவற்றையும் விழுங்கிவிடவில்லை. தம் கருத்தோடு முழுவதும் ஒத்துப்போகாத இளைஞருக்கு இடமும் கருவியும் கொடுத்து, அவர் வழியிலேயே விட்டது ரெவெலின் பெருமைகளில் ஒன்று. 1964-இல் நிதி வெட்டு காரணமாகச் சில மாதங்கள் அந்த அளவீடு நின்றுபோனது. அந்த வெற்றிடம் இன்றும் வரைபடத்தில் இருக்கிறது. ஆய்வு நிதியைச் செலவாக மட்டும் பார்க்கும் ஆட்சியாளர்கள் அந்த இடைவெளியைப் பார்க்க வேண்டும்.

இதே காலத்தில் ரெவெல் ஒரு பல்கலைக்கழகத்தையும் உருவாக்கிக்கொண்டிருந்தார். சான் டியாகோவில் கலிபோர்னியப் பல்கலைக்கழக வளாகம் அமைவதற்கு அவர் உழைப்பே முதற்காரணம். அன்று லா ஹோயாவில் யூதர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்ற மறைமுக ஏற்பாடு நிலவியது. பேராசிரியர்களாக வருவோரில் யூதர்களும் இருப்பார்கள். பல்கலைக்கழகம் வேண்டுமா, இந்த வேற்றுமை வேண்டுமா என்று ஊரார் முடிவு செய்துகொள்ளட்டும் என்ற நிலைப்பாட்டை அவர் எடுத்தார். பல்கலைக்கழகம் வந்தது, ஆனால், அதன் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. ஆட்சிக்குழுவில் அவர் சம்பாதித்திருந்த பகை அதற்கு ஒரு காரணம். அந்த ஏமாற்றம் அவரை வேறு திசைக்குத் திருப்பியது. 1964-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மக்கள்தொகை ஆய்வு மையத்துக்குத் தலைவராகச் சென்றார்.

நம் நாட்டோடு அவருக்கு ஏற்பட்ட உறவு இந்தக் காலத்தில் வலுப்பெற்றது. கடல் ஆய்வுக்கான பன்னாட்டு அறிவியல் குழுவின் முதல் தலைவராக இருந்து, அன்று மிகக் குறைவாக ஆராயப்பட்டிருந்த இந்தியப் பெருங்கடலின்பால் உலகின் கவனத்தைத் திருப்பியவர்களில் ரெவெல் ஒருவர். 1959 முதல் 1965 வரை நடந்த பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட கப்பல்கள் பங்குகொண்டன. அதன் தொடர்ச்சியாகவே 1966-இல் நம் தேசியக் கடலியல் நிறுவனம் தோன்றியது. டாக்டர் டி.எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கல்விக் குழுவில் இடம்பெற்ற வெளிநாட்டு உறுப்பினர்களில் ரெவெலும் ஒருவர். நாட்டு வருமானத்தில் 6 விழுக்காட்டைக் கல்விக்கு ஒதுக்க வேண்டும் என்று பரிந்துரைத்த அறிக்கையில் அவருடைய கையொப்பமும் உண்டு. அந்தப் பரிந்துரை இன்றுவரை நிறைவேறவில்லை என்பது நாம் அனைவரும் அறிந்ததே.

இதற்கு முன்பே, பாகிஸ்தானின் சிந்து சமவெளியில் நிலம் நீர் தேங்கி உவராகிப் பாழாவதைத் தடுக்க, அமெரிக்க அரசு அமைத்த குழுவுக்கு அவர் தலைமை தாங்கியிருந்தார். அந்தக் குழுவில் பொறியாளர்களோடு ராபர்ட் டார்ஃப்மன் என்னும் பொருளியல் அறிஞரும் இருந்தார். குழாய்க் கிணறுகளால் நிலத்தடி நீரை இறைத்து நீர்மட்டத்தைத் தாழ்த்த வேண்டும். ஆனால், சிறு சிறு நிலத்துண்டுகளில் அதைச் செய்தால் சுற்றிலுமிருந்து நீர் கசிந்து வந்து பயனைக் கெடுத்துவிடும். பரப்பு பெரிதாகும்போது சுற்றளவு அதே விகிதத்தில் பெரிதாவதில்லை. ஆகவே, பத்து லட்சம் ஏக்கர் அளவிலான பெரும் பகுதிகளாக எடுத்துக்கொண்டு, நீரோடு உரம், விதை, பயிற்சி ஆகியவற்றையும் சேர்த்துத் தர வேண்டும் என்றது குழு. 1975-இல் லட்சுமிநாராயணா என்பவருடன் இணைந்து, கங்கைச் சமவெளியில் கோடையில் நிலத்தடி நீரை இறைத்து, அந்த வெற்றிடத்தில் மழைக்கால வெள்ளத்தைச் சேமிக்கும் திட்டத்தை அறிவியல் இதழில் முன்வைத்தார். கடலாயினும் நிலத்தடி நீராயினும், அவர் கேட்ட வினா ஒன்றே: இந்தக் கொள்கலன் இன்னும் எவ்வளவு ஏற்கும், எவ்வளவு வேகத்தில் ஏற்கும்?

1965-இல் அமெரிக்க அதிபரின் அறிவியல் ஆலோசனைக் குழு, சுற்றுச்சூழல் சீர்கேடு பற்றிய அறிக்கையை வெளியிட்டது. அதில் கரியமில வாயு பற்றிய பகுதியை எழுதிய துணைக் குழுவுக்கு ரெவெலே தலைவர். ஓர் அரசின் உச்சநிலைக்கு இந்தச் செய்தி முறைப்படி சென்று சேர்ந்த தொடக்க கால நிகழ்வுகளில் அது ஒன்று. வெப்பம் உயரும், பனிப்பாறைகள் உருகும், கடல்மட்டம் ஏறும், கடல்நீரின் அமிலத்தன்மை கூடும் என்பவை அதில் பேசப்பட்டன. ஆனால், எரிபொருள் பயன்பாட்டைக் குறைப்பது என்ற எளிய வழி அதில் பரிந்துரையாக இடம்பெறவில்லை. மாறாக, சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும் துகள்களைக் கடற்பரப்பில் தூவலாமா என்று ஆராயச் சொன்னது. வளர்ச்சியின் எரிபொருளைக் கேள்வி கேட்பது அன்றைய மிகச் சிறந்த அறிவாளிகளுக்கும் எண்ணத்தில் தோன்றாத ஒன்றாக இருந்தது. அதற்காக அவர்களைப் பழிப்பதைவிட, நம் எண்ணத்தில் இன்று தோன்றாதவை எவை என்று கேட்டுக்கொள்வதே பயனுள்ளது.

ஹார்வர்டில் ரெவெலின் வகுப்பில் அமர்ந்து கீலிங்கின் வரைபடத்தைப் பார்த்த மாணவர்களில் ஒருவர், பின்னாளில் அமெரிக்கத் துணை அதிபரான அல் கோர். ரெவெல் 1970-களின் நடுவில் சான் டியாகோவுக்குத் திரும்பி, அறிவியலும் அரசுக் கொள்கையும் சந்திக்கும் இடத்தைப் பற்றிப் பாடம் நடத்தினார். 1990-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கம் அவருக்கு வழங்கப்பட்டது. 1991 ஜூலை 15-ஆம் நாள் காலமானார்.

அவருடைய கடைசி மாதங்களில் ஒரு சர்ச்சை முளைத்தது. வெப்பமயமாதலைத் தடுக்க அவசரப்பட்டுக் கடும் நடவடிக்கை எடுக்கத் தேவையில்லை என்று வாதிட்ட ஒரு கட்டுரையில் இணை ஆசிரியராக அவர் பெயரும் இருந்தது. அவர் மறைவுக்குப் பின், 1992 தேர்தல் களத்தில் அக்கட்டுரை அல் கோருக்கு எதிரான ஆயுதமாயிற்று. ரெவெலின் மகள் செய்தித்தாளில் எழுதி, தந்தை தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை என்றும், எரிபொருள் சிக்கனம், காடு வளர்ப்பு, நிலக்கரிக்கு மாற்று ஆகியவற்றை உடனே தொடங்க வேண்டும் என்று கருதினார் என்றும் விளக்கினார். உண்மையில், ரெவெல் எப்போதும் உறுதியற்றதை உறுதியற்றது என்றே சொல்லிவந்தவர். அறிவியலாளரின் இந்த நேர்மையைச் செயலின்மைக்குச் சான்றாகத் திரித்துக்கொள்வது எளிது. வீட்டுக்குத் தீக்காப்பீடு செய்பவர், வீடு தீப்பற்றுவது உறுதியாகட்டும் என்று காத்திருப்பதில்லை.

அவர் சுட்டிய கணக்கு இன்று எங்கே நிற்கிறது? மௌனா லோவாவில் 313-இல் தொடங்கிய அளவு 2025 மே மாதத்தில் 430-ஐக் கடந்தது. மனிதர் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ கால் பங்கைக் கடல் ஏற்றுவருகிறது. இது நமக்குக் கிடைத்துள்ள பேருதவி. ஆனால், விலையில்லாத உதவியன்று. தொழிற்புரட்சிக்கு முன் 8.2 அளவில் இருந்த மேற்பரப்புக் கடல்நீரின் பிஎச் அளவு இன்று 8.1-க்குக் குறைந்திருக்கிறது. எண் சிறிதாகத் தெரியும். ஆயினும், அந்த அளவுகோலின் அமைப்பின்படி ஹைட்ரஜன் அயனிகள் ஏறத்தாழ 30 விழுக்காடு பெருகிவிட்டன என்பது அதன் பொருள். பவளமும் சிப்பியும் ஓடு கட்டுவதற்கு வேண்டிய கார்பனேட் அதற்கேற்பக் குறைந்துவருகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் சிப்பிக் குஞ்சுகள் ஓடு உருவாகாமல் மடிந்ததை 2007-ஆம் ஆண்டளவில் வளர்ப்பாளர்கள் கண்டனர். இந்த நெருக்கடி கடலாடி வாழ்பவர்களை முதலில் தொடும். அவர்கள் வெளியிட்ட புகையோ மிகச் சொற்பம்.

இன்னும் கவலைக்குரியது, ரெவெல் காரணி என்னும் அந்த எண் நிலையானதன்று என்பதே. கார்பனேட் குறையக் குறைய அது உயர்கிறது. கடல் வெப்பமாகும்போது வாயு கரைவதும் குறைகிறது. நாம் வெளியிடும் ஒவ்வொரு கூடுதல் டன்னிலும், முந்தைய டன்னைவிடச் சற்றுக் குறைவான பங்கையே கடல் ஏற்கும். பொருளியலில் குறைந்து செல் விளைவு விதி என்று நாம் கற்பிப்பதை, கடல் தன் வேதியியலில் நடத்திக்காட்டுகிறது. அந்தக் கூடுதல் சுமைக்குப் பெரும்பாலோர் விலை கொடுப்பதில்லை; எந்த நாட்டின் வரவு செலவுத் திட்டத்திலும் கடலின் சேவை ஒரு வரியாக இடம்பெறுவதில்லை. விலை இல்லாத பொருள் வீணடிக்கப்படும் என்பதற்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

ரெவெலின் வாழ்க்கை நமக்கு இரண்டு செய்திகளைச் சொல்கிறது. உடனடிப் பயன் எதுவும் தெரியாத ஒரு சேற்று ஆய்வு, இருபது ஆண்டுகள் கழித்து உலகின் கண்ணைத் திறந்தது; அடிப்படை ஆய்வுக்கும் நீண்டகால அளவீட்டுக்கும் நிதி மறுக்கும் நாடு தன் எதிர்காலத்தைக் கண்ணைக் கட்டிக்கொண்டு சந்திக்கும். மற்றது, எவ்வளவு பெரிய கொள்கலனுக்கும் ஓர் இறுதிநிலை உண்டு. கடலின் அகலத்தைப் பார்த்து வியந்தவர்களுக்கு நடுவே, அதன் வாசலின் அகலத்தை அளந்து சொன்னவர் ரெவெல். அந்த வாசல் நாளுக்கு நாள் குறுகிவருகிறது என்பதை அறிந்த பிறகும் நம் எரிபொருள் கணக்கைத் திருத்தாமல் இருந்தால், அறியாமை என்று இனி நாம் சாக்குச் சொல்ல இயலாது.